73939133-க்கு அடுத்த இலக்கம்

ஒத்தக்கடை
9-9-2024

சரண்யாவுக்கு,

போனை எடுக்கமாட்டேன், பேசுவதாக இருந்தால் எழுதச் சொல் என்று உன் தம்பி அழகுபாண்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுக்கிறவன்தான். ஆனால் காதுகுத்தோ கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, வாசகத்தை அவர்களே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அளவு பார்த்து மிஷினில் விடுவதோடு என் வேலை முடிந்தது. சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நம் கல்யாண நாளுக்கென்று காதுகுத்து வீட்டில் நான் கட்டிய அந்த ஃப்ளெக்ஸை அன்றைக்கே கழற்றிவிட்டேன். அண்ணன் மகள் ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து வைத்த தேதியும் நம் கல்யாண நாளும் ஒன்றாக வந்தது என் தப்பா? எட்டு வருசம் ஆகிறது, நீ சொன்ன எண்ணும் எட்டு இலக்கம், பொருத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து நீ சொன்ன எண்ணை நான் மறக்கவில்லை என்று உனக்குக் காட்டத்தான் அத்தனையும். எட்டடிக்கு நாலடி, நீலத்தில் வெள்ளை எழுத்து, கீழே உன் பெயர்.

கடைசியில் ஒரு 1 சேர்த்தது அச்சுப்பிழை இல்லை. வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நம் பக்கம் யாராவது மொய் நூறு என்று எழுதுவார்களா? நூற்றியொன்று தானே. இரட்டையில் நிறுத்தினால் அதோடு நின்றுபோகும், ஒத்தையில் விட்டால் மேலே வளரும் என்று அம்மா சொல்லும். எட்டு இலக்கம் இரட்டையாக இருந்தது, ஒன்று போட்டு ஒன்பதாக்கினேன். நல்லதுக்குத்தான் செய்தேன்.

அதற்கு மேல் நடந்தது நடந்துவிட்டது. அம்மாவின் வாய் உனக்குத் தெரியாததா? காலாண்டுத் தேர்வுக்குள் வந்துவிடு. கீழக்குயில்குடி உன் அம்மா வீட்டிலிருந்து உன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், முதுகு வலிக்கும் உனக்கு.

ராஜபாண்டி


கீழக்குயில்குடி
14-9-2024

ஒத்தக்கடை ராஜபாண்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றே ஒன்று. ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு இது பெரிய சாதனைதான்.

ஏன் எழுதச் சொன்னேன் தெரியுமா? போனில் நான் பத்து நிமிடம் பேசினால் நீங்கள் "ம்" என்பீர்கள். தாளில் "ம்" என்று மட்டும் எழுதி ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

முதலில் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 7,39,39,133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இப்படிப்பட்டதைப் பகா எண் என்போம். பகா எண்கள் எத்தனையோ கிடக்கின்றன, அதில் அதிசயமில்லை. இதன் கடைசி 3-ஐ அழித்துப் பாருங்கள். 7393913. அதுவும் பகா எண். அடுத்த 3-ஐயும் அழியுங்கள். 739391. அதுவும் பகா எண். 73939, 7393, 739, 73, கடைசியில் 7. வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வந்தாலும் எந்த இடத்திலும் உடையாது. இடப்பக்கமிருந்து அழித்தால் இந்தக் குணம் கிடையாது, கடைசியில் 33 வந்து மூன்று பதினொன்றாகப் பிரிந்துவிடும். வலப்பக்கமிருந்து வெட்டுப்பட்டும் உடையாத எண்கள் உலகத்தில் மொத்தமே எண்பத்துமூன்றுதான். அவற்றில் மிகப் பெரியது இது. இதற்கு மேல் வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைந்துவிடும். அதனால்தான் இது கடைசி.

நீங்கள் 1 சேர்த்தீர்கள். இலக்கங்களைக் கூட்டினால் 38 வந்துகொண்டிருந்தது, உங்கள் புண்ணியத்தில் 39 ஆனது. மூன்றால் வகுபடும். போதாதென்று ஏழாலும் வகுபடும். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதற்காகவா நான் வீட்டைவிட்டு வந்தேன்? அப்படி ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களா? உங்கள் அண்ணி அது என்ன நம்பர் என்று கேட்டார். வம்சம் வளரட்டும்னு ஒண்ணு கூடப் போட்டேன் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அத்தை நாற்பது பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். "ஃப்ளெக்ஸ்ல போட்டா வந்துருமா? மலட்டு மரத்துக்குத் தண்ணி ஊத்துறான் எம் மகன்." நீங்கள் ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்தீர்கள். "ம்" என்றீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டை நாம் இருவரும்தான் படித்தோம். உயிரணு கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தது. அது என் ரிப்போர்ட் இல்லை. என் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் கிடையாது. யாரிடமும் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்று அன்றைக்கு பஸ்ஸில் நான்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு நனையக்கூடாதென்று குடை கொடுத்தேன். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் என்னை மழையில் நிறுத்திவிட்டீர்கள்.

எனக்குப் பிள்ளை இல்லையென்ற துக்கம் ஆறிவிட்டது. நாம் இரண்டு பேர் போதும் என்று மனதார நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இனி ஒரு நாளும் இருக்கமாட்டேன். அத்தை, உங்கள் அண்ணன் முத்துக்குமரன், அண்ணி மூவரையும் வைத்துக்கொண்டு, குறை யாரிடம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

சரண்யாதேவி


ஒத்தக்கடை
22-9-2024

சரண்யா,

ஆறு தடவை படித்தேன். ஏணி விஷயம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை அம்மாவே "என்னடா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்றது. தலைவலி என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தது. குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது அண்ணன் வந்துவிட்டது. இத்தனைக்கும் அதே அண்ணன் முன்னால்தான் நான் சொல்ல வேண்டும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது சரண்யா. டீக்கடையில் சோணை அண்ணே ஒரு நாள், பிள்ளையில்லாத எவனையோ பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்தால் அந்த டீக்கடைப் பக்கம் போகவே மனசு வரவில்லை. இதைக்கூட ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா, கோபப்படாதே. இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் குறை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லட்டுமா? உனக்கும் பாதி பாரம் குறையும். எனக்கும் தலை தப்பும்.

எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. நான் 1 சேர்த்தது மூன்றாலும் ஏழாலும் மீதியில்லாமல் வகுபடுகிறது. அப்புறம் ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துப் பார்த்தேன். 0, 2, 4, 6, 8 போட்டால் இரண்டால் போய்விடும். 5 போட்டால் ஐந்தால். 7 போட்டால் கூட்டுத்தொகை 45, மூன்றால் போய்விடும். மிச்சம் 3, 9 இரண்டும்தான். அந்த இரண்டையும் நூறு வரைக்கும் உள்ள எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். உடையவே இல்லை! இரண்டு நாள் ஆர்டரெல்லாம் அப்படியே கிடக்கிறது. நீ தப்பாகச் சொல்லியிருப்பாயோ என்று ஒரு சின்ன சந்தோஷம்.

ராஜபாண்டி


கீழக்குயில்குடி
29-9-2024

உங்களுக்கு,

பாதிப் பாதி என்ற வார்த்தையைப் படித்ததும் தாளைக் கசக்கி எறிந்தேன். அம்மா எடுத்து நீவி மறுபடி மேசையில் வைத்தார்கள். அதனால்தான் இந்தப் பதில்.

என்னிடம் இல்லாத குறையில் எனக்குப் பங்கு கொடுக்கிறீர்களா? என்ன தாராள மனசு! நாளைக்கு யாராவது கேட்டால் "பாதி அவளுக்கும்" என்பீர்கள். ஒரு வருடம் போனால் அந்தப் பாதியும் முழுசாகி என் தலையிலேயே வந்து விழும். இது பங்கு போடுகிற விஷயம் இல்லை.

3, 9 பற்றிக் கேட்டீர்கள். வகுத்துப் பார்த்த வரைக்கும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நூறோடு நிறுத்தியதுதான் தப்பு. அந்த இரண்டையும் வகுக்கும் எண்கள் இன்னும் மேலே இருக்கின்றன. சின்ன எண்களால் உடையவில்லை என்பதால் அது உடையாத எண் ஆகிவிடாது. பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே வகுஎண் இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்வார்கள். பயந்து பாதியில் நிறுத்திவிட்டு, முடிந்துவிட்டது என்று பரீட்சைத் தாளைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். கை நிற்கமாட்டேன் என்கிறது.

தெப்பக்குளத்துப் படியில் அந்த எண்ணைச் சொன்னபோது கல்யாணமாகிப் பதினெட்டு நாள். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டு என்ன பாடுபடப் போகிறாரோ என்று உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். நீங்கள் மட்டும் சட்டைப் பையிலிருந்து பில்புத்தகத்தை எடுத்து, அதன் பின்பக்கம் எண்ணை எழுதி, ஒவ்வொரு இலக்கமாக விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தீர்கள். ஏழாவது தடவை மறைத்து 7 மட்டும் நின்றபோது "அட, பயபுள்ள அசையலையே" என்றீர்கள். நான் படித்த படிப்பைக் கேட்டு ஒருவர் அப்படி வாய்பிளந்து அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் உங்கள் மேல் எனக்கு ஆசை வந்தது. கல்யாணத்தன்று இல்லை. இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அந்த மனுஷன் எனக்கு வேண்டும். ஏணியில் நின்றவர் வேண்டாம்.

சோணை சிரிப்பார்தான். சிரிக்கட்டும். ஐந்து வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், செத்தா போய்விட்டேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீயையே குடித்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

சரண்யா


ஒத்தக்கடை
16-10-2024

சரண்யா,

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். சொல்லாமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சொல்லிவிட்டேன்.

ஆயுதபூஜை அன்றைக்குக் கடையில் எல்லோரும் வந்திருந்தார்கள். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டாயிற்று. அண்ணி பொரி கடலையைக் கலந்துகொண்டிருந்தது. வழக்கமாக நீதான் கலப்பாய். ஆர்த்திகா திடீரென்று சித்தி ஏன் வரவில்லை என்று கேட்டது. அம்மா, "அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா, நெனச்ச இடத்துல இருந்துக்குவா" என்றது. சூடத்தட்டு என் கையில் இருந்தது. அம்மா பக்கம் திரும்பினேன், தட்டு சாய்ந்து சூடம் கீழே விழுந்துவிட்டது. அண்ணன் காலால் மிதித்து அணைத்தது.

அப்போதுதான் சொன்னேன். "அம்மா, சரண்யாகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான். அஞ்சு வருசமா எனக்குத் தெரியும். என் மானம் போகக்கூடாதுன்னு அவ வாயைப் பொத்திக்கிட்டா, எல்லாரும் அவளைப் பேசுறதை நானும் கேட்டுக்கிட்டு நின்னேன்."

ஒரு வாக்கியம் கேட்டாய், மூன்று நான்கு ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டது. அண்ணி ஆர்த்திகாவை வெளியே கூட்டிக்கொண்டு போனது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, பொரிகூட வாங்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றையிலிருந்து என்னோடு பேசவில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டு எங்கேயோ கிளம்பிவிடுகிறது. கேட்டால் பதில் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கிறது. அம்மா மனசை ஒடித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். சூடம் விழுந்த அன்றைக்கு ராத்திரி ஐந்து வருசத்துக்கு அப்புறம் ஒழுங்காகத் தூங்கினேன்.

சோணை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். எப்படியும் அவர் காதுக்குப் போகும், அதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீ சொன்னார். அவ்வளவுதான்.

வா என்று கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. நீ போட்ட கணக்கில் இது போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும். வீட்டில் உன் பக்கத்துத் தலையணையில் உன் எண்ணெய் வாசம் போய்விட்டது. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ராஜபாண்டி


கீழக்குயில்குடி
19-10-2024, சனிக்கிழமை சாயங்காலம்

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதேன். அம்மா பயந்துபோனார்கள். நல்ல அழுகைதான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதில் எழுத இன்றைக்குக் காலையில் உட்கார்ந்தேன். அதற்குள் வாசலில் அத்தை நிற்கிறார்கள்.

தனியாக, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். செருப்பு காலில் ஏறாமல் கையில் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படியை அவர்கள் மிதித்ததே இல்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். நாற்காலி போட்டேன், வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. உங்கள் வீட்டில் எட்டு வருடம் இருந்து கற்றுக்கொண்ட பழக்கம்.

பிறகு கேட்டார்கள். "நான் அம்புட்டுப் பேசினேனேடி, ஒரு நாளு நீ திருப்பிச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா அவரு தலை குனிஞ்சிரும் அத்தை."

"எம் மகன் தலை குனியக்கூடாதுன்னு நீ குனிஞ்சியாக்கும்," என்றார்கள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் அழுதார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர்கள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அந்த நம்பர் என்ன நம்பர் என்று கேட்டார்கள். அத்தைக்கு எழுத்து தெரியாது, ஆனால் பஸ் நம்பர் பார்த்து எண் தெரியுமே. சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினேன். எதனாலும் பங்கு போட முடியாத எண் என்று சொல்லி, வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன். கையால் அழித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் "இப்பவும் பங்கு போட முடியாதா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். கடைசியில் ஏழு நின்றது. "இதையும் அழிச்சா?" என்றார்கள். அப்புறம் ஒன்றுமில்லை அத்தை என்றேன். "அப்ப ஏழோட நிறுத்திக்க, அழிக்காத" என்று கையைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்துகிறேன், இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆளை வகுப்பில் பார்த்ததில்லை. நீங்கள் ஒருவர்தான் விதிவிலக்கு.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காலையில் அத்தை எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் தவித்தீர்களே. என்னைப் பற்றி யார் யார் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னார்களோ அந்த வீடு ஒவ்வொன்றாகப் போயிருக்கிறார்கள். வாசலில் நின்றே, "எம் மருமக மேல குத்தமில்ல, குத்தம் எங்க வீட்டுது, நான் பேசினது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். உங்கள் பெயரை எங்கேயும் எடுக்கவில்லையாம். இந்த ஒரு வாரத்தில் பதினான்கு வீடு முடிந்திருக்கிறது. அம்மா மனசை ஒடித்துவிட்டேனோ என்று நீங்கள் அங்கே உட்கார்ந்து பயந்துகொண்டிருக்க, அவர்கள் காலை ஒடித்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன?

இன்னும் நான்கு வீடு பாக்கி. வண்டியூரில் மூன்று. நான்காவது ராமக்காள் வீடு. போன தை மாதம் உங்களுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்க்கச் சொல்லி அந்த அம்மாளிடம் அத்தை உங்கள் ஜாதகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு இது தெரியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். எழுந்து போய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அத்தை கேட்டார்கள். "மத்த வீட்டுக்கு நான் தனியாப் போயிட்டேன். அந்த வீட்டுக்கு மட்டும் தனியாப் போக எனக்கு மூஞ்சி இல்ல. நீ கூட வந்து அந்த சாதகத்தை உன் கையால வாங்கிக்கிறியாத்தா?"

வாரேன் அத்தை என்றேன்.

இப்போது உள்ளே படுத்துத் தூங்குகிறார்கள். காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அழகுபாண்டி பைக்கில் இன்றைக்கே கொண்டு வருவான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருவான்.

நாளைக்குக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்புகிறோம். நான்கு வீட்டுக்கும் போய்விட்டுத்தான் வருவோம். மதியம் இரண்டு மணி ஆகும். மூன்று பேருக்குச் சோறு வைத்துவிடுங்கள்.

உங்கள்
சரண்யா